யானையை நடக்கவைத்த அறை

மெட்ராஸில் டெலிவிஷன் வந்த புதிதில், குழந்தைகள் நிகழ்ச்சிக்கு வாரம் ஒரு நிமிடம் கார்ட்டூன் தர முடியுமா என்று அதன் தயாரிப்பாளர் என்னைக் கேட்டார். நான் அனிமேஷன் படித்துவிட்டு, ஒரு விளம்பரக் கம்பெனியில் பிறர் வரைந்த படங்களுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். முடியும் என்றேன்.

உடன் படித்தவர்கள் பம்பாய்க்குப் போனார்கள். நான் காஞ்சிபுரம் வந்தேன். சேலை டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைகிறவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அந்தக் கைகள் இருந்தால் இங்கேயே ஒரு கார்ட்டூன் கூடம் நடத்தலாம் என்று கணக்குப் போட்டேன். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை ஒன்றின் மாடியறை கிடைத்தது. அடியில் குழல்விளக்கு வைத்த கண்ணாடி மேசை. பழைய பதினாறு மில்லிமீட்டர் கேமரா. அது மேசையைப் பார்த்துக் குனிந்து நிற்க, தறி செய்யும் ஆசாரி அடித்துக் கொடுத்த மரச்சட்டம். தாள்கள் நகராமல் மேசை முளையில் மாட்ட ஓரத்தில் துளை வேண்டும். அதை, டிசைனைத் தறியில் ஏற்றும் ஜக்கார்டு அட்டைக்குத் துளை போடுபவரே போட்டுக் கொடுத்தார். பாக்கி இருந்தது ஆள்தான்.

வந்து சேர்ந்தவள் டிசைன் வரைபவர் ஒருவரின் மகள். என்னைவிடச் சிறியவள். கோடு இழுத்தால் நூல் பிடித்தது போல இருக்கும். முதல் படம், ஒரு யானை ஆற்றுக்குப் போவது. அடி எடுத்து வைப்பதில் முக்கியமான நிலைகளை நான் வரைவேன். ஒரு நிலைக்கும் அடுத்ததற்கும் நடுவில் வரும் படங்களை அவள் வரைவாள்.

மெட்ராஸில் கழுவி வந்த ஃபிலிமைப் புரொஜக்டரில் போட்டுச் சுவரில் ஓட்டினோம். யானை அசையாமல் நின்றது. திடீரென்று ஒரு குதி. மறுபடி நின்றது.

“இன்னாக்கா, காலு மரத்துப்போச்சா அதுக்கு?” என்றாள்.

அவள் வரைந்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே படம்.

“நீங்க போட்டதுல காலு தள்ளித் தள்ளி இருந்துச்சு. கை தவறிட்டீங்கன்னு நெனச்சு, மொத படத்தப் பாத்து நான்தான் எல்லாத்தயும் சரி பண்ணேன். பார்டர்ல யானை ஆளுக்கொரு பக்கம் காலத் தூக்கினா எங்கப்பா பேப்பரையே கிழிச்சுடுவாரு.”

அந்த வாரம் படம் அனுப்ப முடியவில்லை. “இன்னொரு தடவை விட்டா அந்த இடத்துல வேற ஏதாவது வந்து உக்காந்துடும்மா,” என்றார் தயாரிப்பாளர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் நாங்கள் கோயில் யானையைப் பார்க்கப் போனோம். அவள் அதன் பின்னாலேயே நடந்தாள். “எட்டி நில்லும்மா, அது இன்னா உன் மாமியாரா, பின்னாலயே வந்துக்கினு கீற?” என்றான் பாகன். அவள் காதில் வாங்கவில்லை. எந்தக் கால் எழும்போது எந்தத் தோள் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, என்னிடம் எதுவும் கேட்காமல் மேசையில் உட்கார்ந்தாள்.

இந்த முறை யானை நடந்தது. அதற்குக் கனம் இருந்தது. படித்த காலத்திலிருந்து நான் முயன்றும் என் கோட்டில் வராத கனம்.

பிறகு வாரம் தவறவில்லை. எங்கள் படம் ஒளிபரப்பாவதை நாங்கள் பார்த்ததேயில்லை. எங்களுக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் டெலிவிஷன் இல்லை. கீழே கடைக்காரருக்கு நான் மேலே ஏதோ டிசைன் போடுகிறவள். ஒரு அடியின் கனத்தைப் பற்றி, ஒரு நிறுத்தத்தின் நீளத்தைப் பற்றிச் சண்டை போட ஊரில் எனக்கு அவள் ஒருத்திதான். அவள் வீட்டுக்குப் போனபின் நான் யாரிடமும் பேசாத மாலைகள் நிறைய.

ஒருநாள் ஃபிலிம் கொடுக்கப் போனபோது தயாரிப்பாளர் கேட்டார்: “இங்க ஒரு விளம்பரப்படக் கம்பெனியில ஆள் தேடறாங்க. அந்த யானை நடையைப் போட்டது யாரும்மா, நீயா?”

ஆமாம் என்றிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவள் பெயரைச் சொன்னேன். ஊருக்கு வந்து அவளிடமும் சொன்னேன்.

அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. “கலர் படமாக்கா?”

“கலர்தான்.”

“சித்தி வீடு சைதாப்பேட்டைலதான் இருக்குது.” கோட்டை இழுத்து முடித்துவிட்டு, “நீங்களும் வந்துடுங்களேன். இங்க இன்னா இருக்குது?” என்றாள்.

“மேசை இருக்கே.”

“மேசை எங்க போட்டாலும் மேசைதான்க்கா.”

இங்கேயும் இதைச் செய்யலாம் என்று வந்தவள் நான். நானும் போய்விட்டால், முடியாது என்று நானே சொன்னதாகிவிடும். அடுத்த தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அவள் மெட்ராஸுக்குப் போனபின் வந்த பெண்கள் இருவரும் நிலைக்கவில்லை. ஒருத்திக்குக் கல்யாணம். இன்னொருத்திக்கு விளக்கு மேசையில் கண் வலித்தது. நான் தயாரிப்பாளரிடம் போய், இனி மாதம் ஒரு படம்தான் முடியும் என்றேன். அவர் நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்தபடி, “மாசக் கடைசில கொஞ்சம் இடம் இருக்கும். பாக்கலாம். உறுதியா சொல்ல முடியாதும்மா,” என்றார். அதுவே போதும் என்றேன்.

அறைக்கு வந்து, எழுதி வைத்திருந்த அடுத்த கதையை எடுத்தேன். தனி ஆளால் வரைய முடியாததை ஒவ்வொன்றாக அடித்தேன். திருவிழாக் கூட்டம். மழை. ஓடும் குதிரைகள். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடங்கள். கடைசியில் ஒரு சுவரும், அதில் ஏறும் ஒரு நத்தையும் மிஞ்சின. நத்தை மெதுவாகத்தான் ஏறும். படங்கள் குறைவாகப் போதும். தாளை முளையில் மாட்டி, அடியில் விளக்கைப் போட்டேன்.