நல்லா வெளிச்சம் போகுது

எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ரத்தத்தின் இரும்புச்சத்தை அளப்பது என் வேலை. எழுபதுகளில் உடும்பஞ்சோலைப் பக்கம் நிறத்தை வைத்து அளக்கும் கலரிமீட்டர் இருந்ததே பெரிய பவுசு. ரத்தத்தில் அமிலம் விட்டு இரும்பைப் பிரித்து, மருந்து சேர்த்தால் சிவப்பேறும். அந்தக் குழாய் வழியே வெளிச்சத்தை விடுவேன். இரும்பு நிறைய இருந்தால் அந்தச் சிவப்பு நிறம் வெளிச்சத்தை விழுங்கிவிடும், மீட்டர் முள் கொஞ்சமாகத்தான் நகரும். வெளிச்சம் தாராளமாகப் புகுந்து வந்தால் ஆளுக்கு ஆபத்து.

அன்று விடாத மழை. ஏலக்காய் எடுக்கும் பெண் ஒருத்தி, எட்டு மாதம், வெளிறிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தலைப்பிரசவத்துக்குப் போடியிலுள்ள அம்மா வீட்டுக்குப் போகத் துடித்தாள். ரத்தம் சரியாக இருந்தால்தான் அனுப்புவேன், இல்லையென்றால் இங்கேயே படுக்கை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டு எஸ்டேட்டின் அடுத்த டிவிஷனுக்குப் போயிருந்தார். வாசலில் அவளுக்காக லாரி நின்றது.

"அண்ணே, சட்டுன்னு பாருங்கண்ணே" என்று நச்சரித்தாள். எனக்கு நச்சரிப்பே ஆகாது.

முள் கடைசிவரை ஓடியது. "நல்லா வெளிச்சம் போகுதே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என் பாஷையில் அது கெட்ட சேதி. பல்பின்மேல் சந்தேகப்பட்டு, இன்னொரு குழாய் கலக்கத் திரும்பினேன்.

"அப்பாடா! வாரேண்ணே."

டீ குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "போ, போ, தொணதொணக்காதே!"

இரண்டாவது தடவையும் முள் அதே இடத்தில் நின்றது. திரும்பினால் அவளைக் காணோம். லாரியும் இல்லை.

மலையாளி டாக்டர் திரும்பி வந்து, "அவள் எவிடே?" என்றார்.

"சொல்லாமப் போயிட்டா சார்" என்று பொய் சொன்னேன். பாழாய்ப்போன நாக்கு.

ஜீப்பில் துரத்தினோம். போடிக்கு இறங்கும் கணவாயான போடிமெட்டுக்கு இந்தப் பக்கமே மண் சரிந்து பாதை மூடியிருந்தது. லாரி அதற்கு முன்பே இறங்கிவிட்டதாம். ஃபோன் கம்பியும் அறுந்து கிடந்தது. பாதை திறக்க நான்கு நாளாகும் என்றார்கள். பாதை திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லாரிக் குலுக்கலில் மறுநாளே வலி கண்டு, பிள்ளை பிழைத்து, ரத்தம் நிற்காமல் அவள் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து அவள் புருஷன் பிள்ளையோடு என்னிடம் வந்தான்.

"நீங்க நல்லாருக்குன்னு சொல்லித்தானேண்ணே போனா? என் மாமியாதான் யாரோ மருத்துவச்சியக் கூப்பிட்டுக் கெடுத்துப்புட்டா. இனி பிள்ள மொகத்தக்கூட அவளுக்குக் காட்ட மாட்டேன்."

நான் சொன்னது கெட்ட சேதி என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பயந்தாங்கொள்ளி நான், வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை அம்மாச்சியைப் பார்க்காமலே வளர்ந்து பெரியவளானாள்.