பவுனம்மாளின் பதினெட்டுக் குழிகள்

குழியின் வாயைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் புல்லை, நகம் வெட்டும் சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்குகிறார் பவுனம்மாள். முழங்காலில் மண். தலையில் தொப்பி, தொப்பிக்கு மேலே ஒரு துண்டு. செருப்பு தூரத்தில் கிடக்கிறது. நறுக்கிய புல்லை வாயால் ஊதித் தள்ளிவிட்டு எழுகிறார். இரண்டடி பின்னால் போய் நின்று குழியைப் பார்க்கிறார். "ம்ம். இப்பதான் மூஞ்சி கழுவுன மாதிரி இருக்கு" என்கிறார். அடுத்த குழிக்கு நடக்கிறார்.

மலேசியாவில் கிளாங் ஊரை ஒட்டிய மேரு பக்கம், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறது அந்த கோல்ஃப் கிளப். பதினெட்டுக் குழிகள். கோல்ஃப் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், அதில் ஒன்றும் பெரிய படிப்பு இல்லை. பந்தை அடித்து அடித்துக் குழியில் தள்ள வேண்டும், குறைவாக அடித்தவர் ஜெயித்தவர். ஆனால் குழி எப்போதும் ஒரே இடத்தில் இருக்காது. ஆட்கள் மிதித்து மிதித்து அதன் வாய் நைந்துபோகும். அதனால் போட்டி நடக்கும் ஒவ்வொரு நாளும் பழைய குழியை அடைத்து, அதே புல்தரையில் வேறு இடத்தில் புதுக்குழி வெட்ட வேண்டும். கைப்பிடி வைத்த இரும்புக் குழாயை மண்ணில் இறக்கித் திருகினால் உருளையாக ஒரு புல்கட்டி வரும். அதைக் கொண்டுபோய்ப் பழைய குழியில் இறக்கி, மிதித்து, தண்ணீர் ஊற்றினால் அங்கே குழி இருந்ததற்கே அடையாளம் தெரியக்கூடாது. தெரிந்தால் வெட்டியவருக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். பவுனம்மாள் அடைத்த குழியை இதுவரை யாரும் கண்டுபிடித்துக் காட்டியதில்லை. சந்தேகம் இருப்பவர்கள் போய்த் தேடிப் பார்க்கலாம்.

அளவுகோல் ஒன்று கிளப்பில் இருக்கிறது. பவுனம்மாள் அதைத் தொடமாட்டார். குழிக்குள் வைக்கும் கிண்ணம் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதற்குக் கட்டைவிரலின் மேல்கணு. தரை சமமா, சாய்வா என்பதற்கு வெறுங்கால். கண்ணை மூடி நாலு எட்டு வைத்துப் பார்ப்பார். "கண்ணு ஏமாத்திரும். குதிகாலு ஏமாத்தாது" என்பார். வெளிநாட்டிலிருந்து வந்த புல் நிபுணர் ஒருவர் மூன்று கால் கருவியை வைத்து அளந்து, கடைசியில் பவுனம்மாள் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்த கதையை அவர் மாதம் ஒரு முறையாவது சொல்லாமல் விடுவதில்லை.

கேரித் தீவில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. மூன்றாம் வகுப்போடு சரி. கிளப்புக்குக் களை பிடுங்க வந்தார். இதை எழுதும் கையும் களை பிடுங்கிய கைதான், அதனால் அந்த வேலையின் வலி கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. குழி வெட்டுவது அப்போது ஆண்கள் வேலை. வெட்டுகிறவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தார். யாரையும் கேட்காமல் பவுனம்மாள் குழாயைத் தூக்கினார். "பொம்பளைக்கு இடுப்பு தாங்காதும்மா" என்றார் மேற்பார்வையாளர். அவருடைய இடுப்பு ஓய்ந்து, அவர் வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பவுனம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. இன்றும் அதே குழாய்தான்.

ஒரு பந்தைக்கூட அவர் அடித்ததில்லை. "ஒரு தடவ அடிச்சுப் பாருங்க ஆன்டி" என்று யாராவது சொன்னால், "கடையில கோழி வெட்டுறவன் மேசையில ஒக்காந்து பிரியாணி திங்கிறானா?" என்று கேட்பார்.

கோபம் அவருக்குச் சோறு மாதிரி, மூன்று வேளையும் வேண்டும். குழியில் விழுந்த பந்தைக் குனிந்து கையால் எடுக்காமல் மட்டையின் தலையால் கிளறி எடுக்கும் கனவான்கள்மேல்தான் பெரும்பங்கு. அப்படிக் கிளறினால் குழியின் வாய் கிழியும். "குனிஞ்சா என்னா, முதுகெலும்பு கழண்டு உழுந்துருமா?" என்று தமிழில் திட்டிவிட்டு, அவர்கள் திரும்பிப் பார்த்தால் "குட் மார்னிங் பாஸ்" என்பார்.

ஆனால் போன வருஷத்திலிருந்து அவர் வைத்திருக்கும் கோபம் வேறு. அது அவர்மேலேயே.

கல்லூரிப் பெண்களுக்கான கோல்ஃப் சாம்பியன் போட்டி அந்தக் கிளப்பில் வருஷம் ஒருமுறை, மூன்று நாள் நடக்கும். போன வருஷம் மூன்றாம் நாள் காலையில் திடலை உறுப்பினர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெண்களை மத்தியானத்துக்குத் தள்ளினார்கள். பழைய குழியே போதும் என்று உத்தரவு வந்தது. பவுனம்மாளும் தலையாட்டினார். கடைசிக் குழியில் ஒரு பெண் அடித்த பந்து நேராக வந்து, கிழிந்த வாயில் தட்டி, வெளியே துள்ளியது. ஒரே ஒரு அடியில் தோற்றாள். பக்கி என்கிற திடல் வண்டியில் உட்கார்ந்து கையுறையை முகத்தில் வைத்துக்கொண்டு அவள் அழுததை, முப்பது அடி தள்ளி நின்று பார்த்தவர் பவுனம்மாள். "அந்தப் பிள்ளை தோக்கல. நான் தோக்க வச்சேன்" என்று அதன்பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த வருஷமும் அதே கதை வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் துணை மேலாளர் யுகேந்திரன், கருவிகள் வைக்கும் கொட்டகைக்கு வந்தார். "அக்கா, நாளைக்குக் காலையில டத்தோ குரூப் வெளையாடுறாங்க. பிள்ளைங்களுக்கு ஒரு மணிக்குத்தான். நீங்க புதுசா வெட்டாதீங்க. இருக்குற குழியே ஓகே லா."

"பிள்ளைங்களுக்குக் காலையில ஏழரைன்னு போட்டிருந்தீங்களே?"

"மாத்தியாச்சு."

"குழி எங்க எங்க இருக்கும்னு பேப்பர் குடுத்துட்டீங்களே தம்பி. அதுல புது எடம்தான இருக்கு?"

"அவங்க பார்த்துக் கீர்த்து அடிச்சுக்குவாங்க. பொம்பளப் பிள்ளைங்கதானக்கா, என்ன உலகக் கோப்பையா?"

பவுனம்மாள் கையில் இருந்த குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். யுகேந்திரன் போகிறபோது குரலைத் தாழ்த்தினார். "அக்கா, அடுத்த மாசம் உங்க கான்ட்ராக்ட் ரினியூவல். டத்தோ கமிட்டியில இருக்காரு. வம்பு வேணாம்."

அவர் போனதும் ஒரு பெண் வந்தாள். ஹுமைரா. கிளாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் மகள், இரண்டு நாள் ஆட்டத்தில் ஒரே ஒரு அடி பின்னால் இரண்டாவது இடத்தில் இருப்பவள். கையில் அந்த அச்சடித்த தாள். ஓரமெல்லாம் பென்சில் கணக்கு.

"ஆன்டி, நாளைக்குப் பதினெட்டாவது குழி வலது பக்கம் மேட்டுக்கிட்டதானே? பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு. நான் அதுக்குத்தான் ரெண்டு மணி நேரம் பிராக்டிஸ் பண்ணினேன்."

பவுனம்மாள் அந்தத் தாளைப் பார்த்தார். அவருக்கு எழுத்து ஓடாது, ஆனால் வட்டமும் புள்ளியும் புரியும். "பேப்பர்ல எங்க இருக்கோ அங்கதான் இருக்கும்மா. போயி நல்லாத் தூங்கு" என்றார்.

சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்கள் பழைய குழிகளிலேயே ஆடினார்கள். கடைசிக் குழு, சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கிய ரவிசங்கரும் அவருடைய இரண்டு நண்பர்களும். அவர்கள் ஒவ்வொரு குழியையும் முடித்து நகர்ந்ததும், பின்னாலேயே பவுனம்மாள் வந்தார். குழி இடம் குறித்த தன் தாளைத் தரையில் விரித்தார், கண்ணை மூடி நாலு எட்டு, குழாயை இறக்கினார், திருகினார், அடைத்தார், மிதித்தார், தண்ணீர், கத்தரி. அடுத்தது. யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. மாட்டினால் தான் ஒருத்தி மட்டும் மாட்டவேண்டும் என்று.

ஏழாவது குழியில் டத்தோ திரும்பிப் பார்த்தார். "ஏன் இந்தம்மா மோகினி மாதிரி பின்னாடியே வருது?"

"உங்க அழகு அப்படி டத்தோ" என்றார் நண்பர். மூவரும் சிரித்தார்கள். பவுனம்மாளும் பல்லைக் காட்டினார். அது சிரிப்பு இல்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் பதினேழு குழிகள் முடிந்திருந்தன. பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு குழியிலிருந்து ஆரம்பிப்பதாக ஏற்பாடு. சரியாக ஒரு மணிக்குச் சங்கு ஊதும். தாமதமானால் கஷ்டம். சாயங்காலம் கிளாங் வானம் என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும். மழையில் ஆட்டம் நின்றால் இரண்டு நாள் கணக்குத்தான் செல்லும். ஹுமைரா ஒரு அடி பின்னாலேயே நின்றுவிடுவாள்.

பதினெட்டாவது குழியில் டத்தோ நகரவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது, நண்பர்கள் தொப்பியைக் கழற்றிக் கைகுலுக்கிவிட்டார்கள். ஆனால் கடைசி அடி குழிக்குள் போகாததில் டத்தோவுக்கு மனம் ஆறவில்லை. குழியில் நட்டிருந்த அடையாளக் கொடியைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு, அதே இடத்திலிருந்து திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். நண்பர் கைப்பேசியில் படம் பிடித்தார். "உழுந்த மாதிரி ஒரு வீடியோ எடுடா, குரூப்ல போடணும்" என்றார் டத்தோ.

நான்காவது முறையும் விழவில்லை. போய்ப் பந்தைப் பொறுக்கும்போது மட்டையின் தலையால் குழியைக் கிளறினார். உள்ளே பந்தே இல்லை, சும்மா கோபத்தில்.

பவுனம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். யுகேந்திரன் பக்கியை ஓட்டிக்கொண்டு வந்து, தூரத்திலிருந்தே "பொறுங்க" என்று கையைக் காட்டினார். தள்ளி, மரத்தடியில் ஹுமைரா நின்றாள். தாள் அவள் கையில் சுருண்டிருந்தது.

"டத்தோ, பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார் பவுனம்மாள்.

"ஒரே ஒரு பந்து லா அம்மா. பொம்பளப் பிள்ளைங்க, பவுடர் போட்டு முடிக்கட்டும்."

பவுனம்மாள் செருப்பைக் கழற்றினார். வலது பக்கம் மேட்டுக்குப் போனார். கண்ணை மூடாமலே நின்றார், அந்த இடம் அவருக்கு மனப்பாடம். குழாயை இறக்கித் திருகினார். புல்கட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். டத்தோ முதுகைக் காட்டிக்கொண்டு நண்பரிடம், "இந்தப் பக்கமா நில்லுடா, தொந்தி தெரியாம எடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பவுனம்மாள் கொக்கியால் கிண்ணத்தைத் தூக்கினார். கட்டியை இறக்கினார். குதிகாலை வைத்து ஒரு மிதி, இரண்டு மிதி. காலையிலிருந்து குடிக்காமல் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை அதன்மேல் கவிழ்த்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றார்.

டத்தோ திரும்பினார். குனிந்தார். பந்தையே பார்த்து, மெதுவாக, அழகாக அடித்தார். அன்றைக்கு அவர் அடித்ததிலேயே நல்ல அடி அதுதான். பந்து நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. குழி இருந்த இடத்தின்மேல் ஏறியது. ஈரப் புல்லைத் தாண்டியது. இன்னும் மூன்றடி போய், பவுனம்மாளின் வெறுங்காலருகில் நின்றது.

கைப்பேசி இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. நண்பர் வாயைப் பொத்திக்கொண்டார். யுகேந்திரன் பக்கியின் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துவிட்டார்.

"குழி எங்க?" என்றார் டத்தோ.

பவுனம்மாள் குனிந்தார். கையால் பந்தை எடுத்தார். ஒட்டியிருந்த ஈரத்தைத் தன் சட்டைக் கையில் இரண்டு பக்கமும் துடைத்தார். டத்தோவின் கையுறை போட்ட கையைப் பிடித்து, உள்ளங்கையில் பந்தை வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.