பல் ஆஸ்பத்திரியின் மூன்றாவது படி

மேஸ்திரி இதுவரை கட்டிய கட்டடங்கள் எத்தனை என்று அவருக்கே கணக்குத் தெரியாது. மாடி வீடு, கடை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி. ஒரு தடவை பணக்காரர் ஒருவரின் நாய்க்கு ஜன்னல் வைத்து ஓர் அறைகூடக் கட்டிக் கொடுத்திருக்கிறார். நாய் அதில் ஒரு நாளும் படுக்கவில்லை என்பது வேறு கதை. கட்டி முடித்ததும் திரும்பிப் பார்க்காத மனுஷன் அவர். ஆனால் பல் ஆஸ்பத்திரி விஷயம் தனி. அதிலும் கட்டடம் முழுவதின்மேலும் அவருக்கு அக்கறையில்லை. வாசலில் ஆறு படி. கீழிருந்து எண்ணினால் மூன்றாவது. வாரம் தவறாமல், வேலை இல்லாத நாள் சாயங்காலம், அவரும் மனைவியும் நல்ல துணி உடுத்திக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பிப் போய், அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள்.

இரண்டு பேருக்கும் பல் இரும்பு மாதிரி. ஒரு பொட்டலம் வறுத்த கடலையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, கடகடவென்று மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வாயில் பஞ்சைக் கடித்தபடி வெளியே வருகிறவர்கள் முறைத்துவிட்டுப் போவார்கள். முறைக்காமல் என்ன செய்வார்கள், பாவம்.

வாசல் காவலாளி இளகிய மனசுக்காரர். பயத்தில்தான் இவர்கள் உள்ளே போகாமல் இருக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் நினைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்கய்யா. ஊசி போட்டுத்தான் புடுங்குவாங்க. வலியே தெரியாது."

"எங்களுக்குப் பல்லு வலி இல்லீங்க" என்றார் மேஸ்திரி.

"வாசல் வரைக்கும் வந்தவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க."

மனைவிதான் உடைத்துச் சொன்னார். "இந்தப் படிக்குள்ள எங்க மோதிரம் இருக்கு. அதான் வந்து பாத்துட்டுப் போறோம்."

காவலாளி படியைப் பார்த்தார். அதைச் சொன்னவரைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மோதிரத்தின் கதை இதுதான். மனைவியின் அம்மா சாகும்போது மகளுக்கென்று விட்டுப்போனது காதில் கிடந்த ஒரு ஜோடித் தோடு. அவ்வளவுதான் சொத்து. அதை மனைவி தன் காதில் போட்டுக்கொண்டிருக்கலாம். பெட்டியில் பூட்டி வைத்திருக்கலாம். கல்யாணம் நிச்சயமானதும், வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டு, தட்டானிடம் போய், அதை உருக்கி மாப்பிள்ளைக்கு மோதிரமாகச் செய்யச் சொல்லிவிட்டார். மேலே சின்னதாக ஓர் இலை. "என் அம்மா காதுல கிடந்தது. இனிமே உங்க கையில கிடக்கட்டும்" என்று சொல்லி மாட்டிவிட்டார். மேஸ்திரிக்கு அன்று பேச்சே வரவில்லை. பொதுவாகவே அவருக்குப் பேச்சு வராது என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

சிமெண்ட் பட்டால் தங்கம் கெட்டுப்போகும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அதனால் வேலை நேரத்தில் மோதிரத்தைக் கழற்றித் துண்டின் மூலையில் முடிந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொள்வார். பல் ஆஸ்பத்திரிக்குப் படி வார்த்த அன்றும் அப்படித்தான். வேலைக்கு வந்திருந்த சித்தாள் பெண் சும்மாடு கொண்டுவர மறந்துவிட்டாள். கலவைச் சட்டியைத் தூக்கித் தலையில் வைக்கிறவளுக்கு அடியில் சுருட்டி வைக்க ஒரு துணி வேண்டுமே.

"மேஸ்திரி, உங்க துண்டைக் குடுங்க" என்றாள்.

இவரும் ஒரு கையில் கரண்டியோடு, மட்டம் பார்த்துக்கொண்டே, மறு கையால் எடுத்துக் கொடுத்துவிட்டார். வேறு தொழிலில் இருக்கிற எவனாவது முடிச்சோடு துண்டைக் கொடுப்பானா? அந்த வேலையில் கொடுப்பார்கள். சட்டி காத்திருக்கலாம், கலவை காத்திருக்காது. முதல் படியிலிருந்து ஆறாவது படி வரைக்கும் அந்தத் துண்டு அவள் தலையில்தான் இருந்தது. வேலை முடிந்ததும் சுருட்டி இவர் பையில் போட்டாள். இவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

துவைக்க எடுத்த மனைவி துண்டை உதறினார். இன்னொரு தடவை உதறினார்.

"மோதிரம் எங்கங்க?"

மேஸ்திரி துண்டின் மூலையைத் தேடிப் பிடித்தார். முடிச்சு அவிழ்ந்திருந்தது. மூலையில் சிமெண்ட் காய்ந்து அப்பியிருந்தது. விஷயத்தை மென்று முழுங்கிச் சொல்லி முடித்தார். படிக்குள் போயிருக்க வேண்டும், வேறு வழியே இல்லை. அந்தம்மா அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலை. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்து ஒன்று மட்டும் கேட்டார்.

"எந்தப் படி?"

அவருக்கு எப்படித் தெரியும்? ஆறில் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்து "தெரியாது" என்று சொல்ல அவரால் முடியவில்லை.

"மூணாவது" என்றார்.

ஏன் மூன்றாவது? அவருக்கே தெரியாது. வாயில் வந்தது.

மறுநாள் விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தார். படிகள் பாறையாக இறுகியிருந்தன. அவர் போட்ட கலவை அப்படி. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கைகாரர். உடைக்கட்டுமா என்று இஞ்சினியரைக் கேட்டார். இஞ்சினியர் சிரித்தார். சிரித்து முடித்ததும், "ஒரு மோதிரத்துக்கு ஒரு படியா?" என்றார். இவரும் வாயை மூடிக்கொண்டார். மூன்றாவது படியை உடைத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால்? இஞ்சினியர் மறுத்ததில் மனசின் ஒரு மூலையில் அவருக்கு நிம்மதிதான். அந்த நிம்மதியை நினைத்துப் பிற்பாடு எத்தனையோ நாள் வெட்கப்பட்டிருக்கிறார்.

அந்த வாரம் மனைவியே சொன்னார், "வாங்க, போய்ப் பாத்துட்டு வரலாம்." அதிலிருந்து பழகிப்போனது. மகள் பிறந்ததும் அவளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் நடக்கப் பழகியதே அந்தப் படிகளில்தான். எல்லாப் படியிலும் குதிக்கலாம், மூன்றாவதில் மட்டும் கூடாது. "அங்க உங்க பாட்டியோட தோடு இருக்கு" என்பார் அம்மா. பிறகு அவள் வளர்ந்து, பள்ளித் தோழிகள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வருவதை நிறுத்திக்கொண்டாள். இவர்கள் நிறுத்தவில்லை. எதற்காவது மேலே ஏற வேண்டி வந்தால் மேஸ்திரி அந்தப் படியை மிதிக்க மாட்டார், இரண்டாவதிலிருந்து நாலாவதுக்கு எட்டி வைப்பார். காலை அகட்டி அவர் ஏறுவதைப் பார்த்தால் மூட்டு டாக்டரிடம் போக வேண்டியவர் வழி தவறி வந்துவிட்டார் என்றுதான் தோன்றும்.

வீட்டு வாடகை, மகள் படிப்பு, யார் வீட்டு விசேஷத்துக்குப் போவது, யார் வீட்டுக்குப் போகாமல் இருப்பது, எல்லாப் பேச்சும் அங்கேதான் நடக்கும். சண்டையும் அங்கேதான். கிளம்பும்போது அந்தம்மா உள்ளங்கையைப் படியின்மேல் ஒரு நிமிஷம் வைத்திருப்பார். அந்த ஒரு நிமிஷம் மேஸ்திரி எதிர்த்த மருந்துக்கடை போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பார். எத்தனையோ தடவை உண்மை வாய் வரைக்கும் வந்தது. ஒவ்வொரு தடவையும் கடலையோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் புது நாற்காலி வாங்காமல் இருந்திருந்தால்.

பல் பிடுங்குகிற நாற்காலி என்ன லேசுப்பட்ட சாமானா? நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒருவனுக்குத் தும்மல் வந்தது. நாற்காலி நழுவி விழுந்து, மூன்றாவது படியின் விளிம்பு பெயர்ந்து, குறுக்கே பெரிய விரிசல் விட்டது. நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. காவலாளி மூச்சிரைக்க மேஸ்திரி வீட்டுக்கு ஓடி வந்தார், மரணச் செய்தி சொல்கிறவர் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அய்யா, உங்க படி போயிடுச்சுய்யா. அந்த ஒண்ணை மட்டும் உடைச்சுப் புதுசாப் போடணுமாம். நீங்களே வந்து செய்றீங்களான்னு பெரிய டாக்டர் கேக்கச் சொன்னாரு."

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட மேஸ்திரி அதைப் பார்த்ததில்லை.

"அம்மா வெளிய வரப்போறாங்க" என்றார்.

மேஸ்திரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் நகைக்கடைக்குப் போனார். அதே மாதிரி ஒன்று செய்து வாங்கி, உடைக்கிறபோது உள்ளே போட்டுவிடலாம் என்று திட்டம். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கடைக்காரர் மரியாதையாக உட்காரச் சொல்லி, "எப்படி இருக்கணும்?" என்று கேட்டார்.

"மேல ஒரு இலை."

"என்ன இலைங்க? நீளமா, வட்டமா? காம்பு வெச்சா?"

மேஸ்திரி திருதிருவென்று விழித்தார். நினைத்து நினைத்துப் பார்த்தார். மோதிரம் நினைவுக்கு வரவில்லை. படிதான் வந்தது. படியின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னப் பள்ளம், மழைத் தண்ணீர் தேங்குகிற இடம், மனைவி கை வைக்கிற இடம், எல்லாம் அச்சு அசலாக வந்தன. விரலில் கிடந்த பொருள் மட்டும் சுத்தமாக மறந்துபோயிருந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டார். தெருவில் நின்று, தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

உடைக்கிற நாள் அந்தம்மா கம்பெனிக்கு லீவு போட்டு, வீட்டிலிருந்த மாவுச் சல்லடையோடு வந்து கீழே உட்கார்ந்தார். கன்னம் வீங்கியவர்கள் ஓரமாக ஒதுங்கி ஏறினார்கள். மேஸ்திரி சுத்தியலை எடுத்தார். தான் போட்ட கலவையைத் தானே உடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு துண்டு பெயரும். அந்தம்மா அதை எடுத்துச் சின்னக் கல்லால் தட்டி நொறுக்கி, சல்லடையில் போட்டுச் சலிப்பார். காவலாளி வேலையை விட்டுவிட்டு உதவிக்கு வந்தார். வெயில் ஏறியது. படி குறைந்துகொண்டே வந்தது, குவியல் ஏறிக்கொண்டே வந்தது. கடைசித் துண்டையும் பெயர்த்ததும், அடியில் இருந்த செங்கல் தெரிந்தது.

அந்தம்மா கடைசிப் பிடியையும் சலித்தார். கல், மண், தூசி. வேறு ஒன்றும் இல்லை. சல்லடையைத் தட்டித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்தார். இனி விழுங்குவதற்கு ஒன்றும் பாக்கியில்லை.

"நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார். "நீ கேட்டதும், எனக்கு வந்து..."

அந்தம்மா எழுந்து, உடுத்தியிருந்த துணியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார். சல்லடையை எடுத்துக்கொண்டு, உடைந்த இடத்தைத் தாண்டி வாசல் வரைக்கும் ஏறிப் போனார். அங்கே திரும்பி நின்று, ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு இறங்கினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

நின்ற படியை உள்ளங்கையால் துடைத்து, அதில் உட்கார்ந்தார்.

"மேல இருந்து மூணாவதா இருக்கும். நாமதான் தப்பா எண்ணிட்டோம்."

"நாம எப்பவும் கீழ இருந்துதானே..."

"அன்னைக்கு இருந்த பதட்டத்துல எங்க இருந்து எண்ணினோம்னு யாருக்குத் தெரியும்? நின்னுக்கிட்டே இருக்காதீங்க. வந்து உக்காருங்க."

மேஸ்திரி அவரைப் பார்த்தார். இத்தனை வருஷம் மருந்துக்கடை போர்டைப் பார்த்துத் தப்பித்தவர், இந்தத் தடவை நேராகப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, ஏமாற்றம்கூட இல்லை. பக்கத்து இடத்தை அந்தம்மா ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தார். எப்போதிருந்து தெரியும் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"புதுப் படிக்குக் கலவை போடறப்ப, அந்தத் துண்டை யார் கேட்டாலும் குடுக்காதீங்க" என்றார் அந்தம்மா, அவர் முழங்காலில் கை வைத்தபடி.

ஆஸ்பத்திரியிலிருந்து பெரியவர் ஒருவர் வாயில் பஞ்சோடு இறங்கி வந்தார். குலுங்கிக் குலுங்கி அழுகிற ஆளைப் பார்த்ததும் பாவமாகப் போய்விட்டது. பஞ்சை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, குனிந்து கேட்டார்.

"ரொம்ப வலிக்குதா?"

மேஸ்திரி துண்டை விலக்கினார்.

"ஆமாங்க" என்றார். "இப்பத்தான் புடுங்கினாங்க."