வடித்துக் கொட்டிய தண்ணீர்

போன வாரம் மருமகள் தஞ்சோங் காராங் சாலையோரக் கடையில் இரண்டு கட்டு மரவள்ளிக் கொழுந்து வாங்கி வந்தாள். நன்றாக வேகவைத்து, பச்சை நிறமாக வடிந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். மகன் சும்மா இருக்கவில்லை. "அப்பா, சத்தெல்லாம் கொழாயில போவுது. திட்டலியா?" என்று சீண்டினான். எங்கள் வீட்டில் அது பழைய கிண்டல். காய்கறி வெந்த தண்ணீரைக் கொட்டினால் நான் சாமியாடுவேன். ஆனால் அன்று, அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும், என்றோ செத்துப்போன அஞ்சலை நினைவில் வந்து நின்றுவிட்டாள்.

சமையல் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கழுவிவிட்டு நறுக்க வேண்டும், நறுக்கிவிட்டுக் கழுவக்கூடாது. கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடி போட்டு, சீக்கிரம் இறக்க வேண்டும். வெந்த நீர் ரசத்துக்குப் போக வேண்டும். முட்டைக்கோஸுக்கும் காங்கோங் கீரைக்கும் இன்றும் இதையே சொல்வேன். நீங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களுக்கும் சொல்வேன், தப்ப முடியாது.

இந்தப் பிரசங்கத்தை ஆரம்பித்தது ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே மருந்தகத்தில் நான் டிரெசர்: காய்ச்சலுக்கு மாத்திரை, காயத்துக்குக் கட்டு. தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்றில் மை இருக்காது. ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகையில் அஞ்சலைதான் சமையல். ஒருநாள் நான் நுழைந்தபோது, மரவள்ளிக் கொழுந்தைத் திறந்த பானையில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அஞ்சலை, சத்தையெல்லாம் வாய்க்காலுக்கு ஊட்டுறியா?"

"இதுக்கு மூடி போடக்கூடாதுங்கய்யா. தண்ணியவும் ஊத்திரணும். எங்கம்மா அப்படித்தான் ஆக்குவாங்க."

"உங்கம்மா எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாங்க?"

பிள்ளைக்குப் பால் கொடுக்க இடையில் வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி, "ஐயாவுக்கு இன்னும் பொண்டாட்டி வரல லா, அதான் நம்ம பானைக்கு மூடி தேடுறாரு!" என்றாள். சிரிப்பு என் பக்கம் திரும்பியது எனக்குப் பிடிக்கவில்லை. "நாளையிலேர்ந்து மூடி போட்டு, தண்ணியக் கொட்டாம ஆக்கணும். ஆஸ்பத்திரி உத்தரவு," என்றேன். அப்படி ஓர் உத்தரவு எங்குமே இல்லை.

மறுநாள் அஞ்சலை சொன்னபடி செய்தாள். மதியத்துக்குள் ஐந்து பிள்ளைகளுக்கு வாந்தி, தலைசுற்றல். மருந்தகத்தில் படுக்க வைத்தேன். நல்லவேளையாக, சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டார்கள். ஆனால் அவர்கள் படுத்திருந்த நேரத்தில் நான் என் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டியிருந்தேன். மரவள்ளி இலையில் நஞ்சு உண்டு, திறந்து வேகவைத்து நீரைக் கொட்டிவிட வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு. பரீட்சைக்காக நானே போட்டது.

தோட்ட நிர்வாகியான துரையும் கணக்கெழுதும் கிராணியும் வந்து காரணம் கேட்டார்கள். மருந்தகப் பதிவேட்டில் எழுதினேன்: "சமையற்காரியின் அசுத்தம்."

வாசலில் நின்ற அஞ்சலை என்னைப் பார்த்தே கேட்டாள். "ஐயா சொன்னபடிதானேய்யா ஆக்குனேன்?"

"படிச்சவரு பொய் எழுதுவாரா? போ அந்தாண்ட," என்று கிராணி அதட்டினார். நான் பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.

அவளைப் புல்வெட்ட அனுப்பினார்கள். அந்த வருஷம் கோயில் திருவிழாவிலும் அவளை அடுப்புப் பக்கம் விடவில்லை. சில மாதம் கழித்து, விரலை வெட்டிக்கொண்டு என்னிடமே வந்தாள். கட்டுப் போட்டு முடித்ததும் சொன்னாள்: "நான் கெடக்கேன் விடுங்க. இந்த எலைக்கு மட்டும் இனிமே யார்கிட்டயும் மூடி போடச் சொல்லாதீங்கய்யா." நான், "சரி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் அந்தத் தோட்டத்திலேயே செத்துப்போனாள். பிறகு தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கொட்டகை இருந்த இடம் எதுவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. மருந்தகத்தைக் காலி செய்த அன்று பழைய பதிவேடுகளைத் தகர டிரம்மில் போட்டு எரித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அது எரிவது நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது "சமையற்காரியின் அசுத்தம்" என்ற அந்த வரியை அடித்து, என் பெயரை எழுத வேண்டும். அடிப்பதற்கு அந்த வரி இல்லை.