தம்பி பெயரில் போன வருடங்கள்

பலெர்மோவில் தொழிலாளரின் காகித அலுவல்களைக் காசு வாங்காமல் பார்த்துக்கொடுக்கும் அலுவலகத்தைப் பத்ரொனாத்தோ என்பார்கள். 2010களில் அப்படி ஒன்றில் தமிழருக்காக நான் இருந்தேன். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க எங்கள் ஆட்கள் அடித்துப் பிடித்து ஓடி வருவார்கள். பென்சன் என்றால் மட்டும் ஆறுதலாகப் பார்ப்போம் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு காலை புஷ்பம் அக்கா தம்பி ரவியைப் பிடித்தபடி வந்தார். நகரின் கால்சா, சீசா பகுதிகளில் இரண்டு வீடுகளில் தரை துடைத்துத் துடைத்து முழங்கால் இரண்டும் போய்விட்டன. பென்சன் வயது வந்துவிட்டது, இனி வேலையை விடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். அதற்கு வேலை வீட்டுக்காரர் அவர் பெயரில் இருபது வருடம் பென்சன் பணம் கட்டியிருக்க வேண்டும். கணினியில் பார்த்தேன். நடுவில் ஏழு வருடம் வெறுமையாகக் கிடந்தது.

"இடையிலை வேலை செய்யேல்லையோ அக்கா?"

"செய்யாமல்? ஒரு நாளும் நிக்கேல்லை. இவன் பொஞ்சாதி பிள்ளையளைக் கூப்பிட வருமானம் காணாது எண்டு கந்தோரிலை சொன்னவங்கள். எனக்கு நிரந்தர பெர்மெஸ்ஸோ இருந்தது, வேலை காட்டத் தேவையில்லை. அதாலை வீட்டுக்கார சிஞோராமாரிட்டைச் சொல்லி ரெண்டு வீட்டு வேலையையும் இவன்ரை பேரிலை போட்டனான்."

எங்களுக்குள் இது சாதாரணம். கல்யாணத்துக்கு நகை இரவல் கொடுப்பதுபோல வேலை வீட்டைப் பெயருக்குக் கொடுப்பார்கள். நகை என்றால் திரும்பி வரும்.

ரவி பதறினான். "அதை அக்காவுக்கு மாத்துங்கோ. எங்கை வேணுமெண்டாலும் கையெழுத்து வைக்கிறன்."

"மாத்தேலாது. பொய் சொன்னதுக்கு ரெண்டு பேரும்தான் மாட்டுவியள்."

"அப்ப எனக்கு அந்த ஏழு வருசம் கூடும்தானே? வெள்ளன பென்சன் எடுத்து அக்காவை நான் பாக்கிறன்."

அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "உனக்கும் கூடாது ரவி. நீ வேலை செய்யிற மொண்டெல்லோ வீட்டுக்காரர் அந்த ஏழு வருசமும் உன்ரை வாரமெல்லாம் முழுசாக் கட்டியிருக்கினம். எத்தனை வீட்டாலை கட்டினாலும் ஒரு வருசம் ஒரு வருசம்தான். தொகை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்."

அக்காவின் ஏழு வருடம் இரண்டு பேருக்கும் இல்லாமல் போய்விட்டது. சட்டத்தின் மேலா, இவர்களின் பாசத்தின் மேலா கோபப்படுவதென்று எனக்குத் தெரியவில்லை.

ரவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அக்கா அழவில்லை. "பிள்ளையள் இஞ்சை வந்திட்டுதுகள்தானே, விடு," என்றார். பிறகு மேசையை ஊன்றி எழுந்தார். "சீசா சிஞோரா பாத்துக்கொண்டிருப்பா. நான் போறன்."

அதற்குப் பிறகு பெர்மெஸ்ஸோவுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: காசு கொடு, இருக்க இடம் கொடு, உன் உழைப்பை இன்னொருவர் பெயரில் போடாதே. எல்லாரும் தலையாட்டினார்கள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "தம்பிக்குத்தானே, என்ன வரப்போகுது?" என்று கேட்டவர்களும் உண்டு.