துரைக்கு முன்னால் இடது கை

மலாயாவின் ஜொகூர் பாருவில் மாமன் கடையில் தேநீர் ஆற்றவே பிறந்தவர் என்றுதான் மீரா சாகிபுவை எல்லோரும் நினைத்தார்கள். அவரோ ஐஸ் வாங்கப் போன இடத்தில் மோட்டார் ஓடுவதைப் பார்த்துவிட்டு, அந்த ஐஸ் தொழிற்சாலையிலேயே கூலியாக ஒட்டிக்கொண்டார். பைத்தியம் என்றால் அப்படியொரு பைத்தியம்!

1931இல் அங்கே மின்சாரப் பொறுப்பாளர் வேலை காலியானது. பரீட்சையில் தேறினால் வேலையோடு ஒரு வீடும் உண்டு. கடை மாடியில் நாலு பேரோடு படுத்துக் கிடந்தவருக்கு வீடுதான் பெரிதாகத் தெரிந்தது. மனைவி காதர் பீவி கல்யாணமான நாளிலிருந்து சிங்கப்பூரில் தாய்வீட்டிலேயே இருந்தாள்.

பரீட்சை வைக்க வந்தவர் ரப்பர் தோட்டத்தில் தமிழ் பழகிய வெள்ளைக்கார துரை. மேசையில் ஒரு லாடக் காந்தம், அதன் நடுவே தொங்கும் செம்புக் கம்பி, பக்கத்தில் பேட்டரி.

"கரண்டு விட்டா கம்பி எந்தப் பக்கம் போகும்?"

இடது கையின் மூன்று விரல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரிக்க வேண்டும். சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம். கட்டைவிரல் காட்டும் பக்கம் கம்பி நகரும். சோறு தின்னும்போதுகூட மடியில் விரித்துப் பழகியவர்தான். ஆனால் துரை முகத்துக்கு நேரே பீச்சாங்கையை நீட்டுவதா? பெற்றவர்கள் அப்படியா வளர்த்தார்கள்? இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. வலது கையை விரித்து, "உள்ளே போகும் துரை" என்றார்.

துரை சுவிட்சைப் போட்டதும் கம்பி வெளியே துள்ளியது.

"படிக்கலையா?"

"படிச்சேன் துரை. அதுக்கு இடது கையைக் காட்டணும். உங்க முன்னால எப்படி நீட்டுறது?"

துரை பேட்டரிக் கம்பிகளை மாற்றிப் பூட்டினார். காந்தத்தையும் புரட்டி வைத்தார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப்போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப நான் பாக்கல. நீட்டு."

மீரா சாகிபு இடது கையை நீட்டினார். புலமும் மாறி, ஓட்டமும் மாறினால்?

"மறுபடியும் வெளியேதான் துரை."

"சுவிட்சை நீயே போடு."

போட்டார். கம்பி வெளியே துள்ளியது. மீரா சாகிபு சந்தோஷத்தில் கத்தியே விட்டார். துரை திரும்பாமலே, "வேலை உனக்குத்தான்" என்றார்.

அந்த வாரமே பாலம் தாண்டி சிங்கப்பூர் போனார்.

"பீவி, வீடு கிடைச்சிருச்சு. சாமானைக் கட்டுறியா?"

"இனிமேத்தான் கட்டணுமா? பரீட்சைன்னு நீங்க சொல்லியனுப்பின அன்னைக்கே கட்டிட்டேன். வாங்க, போலாம்."