பழுதில்லாத மெசினைப் பழுதாக்கிய கதை

1. கடைசி வேலை

இருபத்திநாலு வருஷம் நான் படகு எஞ்சின் திருத்தும் மெக்கானிக்காக இருந்தேன். சீனன்குடாப் பக்கம் ஒரு தனியார் வேலைத்தளம். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் படகுகள் எல்லாம் கரையில் ஏறிவிட்டன. கடலுக்குப் போகாத எஞ்சினைத் திருத்த யார் கொண்டுவருவார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மனேஜர் எங்கள் பதினொரு பேரையும் கண்டீனுக்குக் கூப்பிட்டார். முக்கால் மணித்தியாலம் பேசினார். நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று நாலைந்து தரம் சொன்னார். அந்தக் குடும்பம் திங்கட்கிழமை வரத் தேவையில்லை என்பதைக் கடைசி நிமிஷத்தில்தான் சொன்னார். பிறகு ஆளாளுக்குக் கை கொடுத்துவிட்டு வெளியே போனவர், ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"தவராசா, கார் ஸ்டார்ட் வருகுதில்ல. ஒருக்கா பாருங்கோ."

"சேர், நான் இப்ப வேலையில இல்லையே," என்றேன்.

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். நான் போய் பொனட்டைத் திறந்தேன். பற்றரி டெர்மினல் இளகியிருந்தது. யார் இளக்கினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. பதினொரு பேரில் ஒருவர் என்பது மட்டும் நிச்சயம். இறுக்கிக் கொடுத்தேன், கார் போய்விட்டது. அந்த வேலைத்தளத்தில் நான் செய்த கடைசி வேலை அதுதான்.

2. தேத்தண்ணிக் கோப்பை

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, மனைவி புவனா தந்த தேத்தண்ணிக் கோப்பை என் வலது கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. புவனா வீதிக்கு ஓடி, வந்த முதல் லொறியை மறித்தாள். அது ஹனீபா நானாவின் லொறி. கிண்ணியாக்காரர், வத்தகப்பழ, அதாவது தர்ப்பூசணி, வியாபாரி. அவருடைய மச்சானின் படகு எஞ்சினை நான் பல தரம் திருத்திக் கொடுத்திருந்ததால் பழக்கம். வத்தகப்பழங்களுக்கு நடுவே என்னைப் படுக்கவைத்துக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாரிசவாதம் என்றார்கள். ஒரு நாளும் பிரஷர் பார்க்காத ஆள் நான். எஞ்சினுக்கு ஒயில் பிரஷர் பார்ப்பதோடு சரி.

வீட்டுக்கு வந்தபோது பேச்சு ஓரளவு திரும்பியிருந்தது. காலை இழுத்து இழுத்து நடக்கவும் முடிந்தது. கைதான் மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. கப்பல்துறையில் எங்கள் வீடு கண்டி வீதிக்கு அருகில். முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, போகிற வாகனங்களின் சத்தத்தை வைத்து எது எதில் என்ன பழுது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். வாய் திறப்பது புவனாவைக் குறை சொல்ல மட்டும். சோறு குழைந்துவிட்டது, தேத்தண்ணியில் சீனி கூட, மின்விசிறி சத்தம் போடுகிறது. அவள் கேட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள். ஒரு நாள் அங்கே நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் கண்டதைக் காட்டிக்கொள்ளாமல் கதிரைக்குத் திரும்பினேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிசியோ செய்யும் பிள்ளை ஒரு றபர் பந்து தந்து, ஒரு நாளைக்கு நூறு தரம் அமத்தச் சொன்னாள். நான் அதை இடது கையால் மதிலுக்கு அப்பால் எறிந்தேன். அடுத்த வளவு செல்வமலருடையது. சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட பெண், நாற்பது வயதிருக்கும். காலையில் மிளகாய்த் தோட்டம், பின்னேரம் தையல். பந்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாளும் எறிந்தேன். மறுநாளும் கொண்டுவந்தாள். நாலாம் நாள் எனக்குத்தான் அலுத்துப்போனது.

3. பழுதுகள் வரத் தொடங்கின

ஒரு நாள் ஹனீபா நானா லொறியை நிறுத்தி, தண்ணீர் இறைக்கும் மெசின் ஒன்றை இறக்கினார். நாலு இடத்தில் காட்டியும் ஒருத்தருக்கும் பிடிபடவில்லை என்றார். நான் கதிரையில் இருந்தபடியே பார்த்தேன்.

"நானா, பெற்றோல் டப் பூட்டிக் கிடக்கு."

அவர் மெசினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெற்றோல் குழாயில் இருந்த டப்பைத் திறந்து கயிற்றை இழுத்தார். மெசின் ஒரே இழுவையில் ஓடியது. நாலு இடத்திலும் இருந்தவர்கள் மடையர்கள் என்று திட்டிக்கொண்டே அதை ஏற்றிக்கொண்டு போனார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். அன்றைக்குச் சோறு குழையவில்லை.

அடுத்த கிழமை நானா இன்னொரு மெசினைக் கொண்டுவந்தார், பிளக் வயர் கழன்றிருந்தது. அதற்கடுத்ததில் எயார் ஃபில்டருக்குள் துணி அடைத்திருந்தது. துணியை இழுத்து எடுத்தேன். நீலத்தில் சின்ன மஞ்சள் பூ. அந்தத் துணியை எனக்குத் தெரியும். புவனாவின் பழைய சட்டை. சட்டைக் கையைக் கிழித்து எடுத்திருக்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தேன். புவனா கதவடியில் நின்று பல்லியைப் பார்ப்பதுபோல் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹனீபா நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் தையல் மெசின் சத்தம் சட்டென்று நின்றது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருபத்திநாலு வருஷம் எஞ்சினோடு கிடந்தவனை ஏமாற்ற ஒரு துணித்துண்டா? இந்தப் பழுதை என் வேலைத்தளத்தில் தேத்தண்ணி ஊற்றுகிறவரே கண்டுபிடித்திருப்பார். பிறகு யோசித்தேன். கோபித்துக்கொண்டால் விஷயம் இத்தோடு முடிந்துவிடும். அதைவிட நல்ல வழி ஒன்று இருந்தது.

4. வைத்தியம்

"நானா, துணியில்லை பிரச்சினை," என்றேன். "இது உள்ளுக்க பெரிய வருத்தம். முழுக்கக் கழட்டோணும். எனக்குக் கை ஏலாது, நீங்கள்தான் கழட்டோணும்."

அவருக்கு முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மெசினுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால், துணியை வைத்தது தாங்கள்தான் என்றும் சொல்ல வேண்டும். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தார்.

நான் கதிரையில் சாய்ந்துகொண்டு கட்டளை போட்டேன். டாங்கைக் கழற்றுங்கோ, ஷ்ரவுட்டைக் கழற்றுங்கோ, கார்பரேட்டரைக் கழற்றுங்கோ. ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, அளவு வாரியாகப் பேப்பரில் அடுக்கச் சொன்னேன். ஒன்றைச் சரியாகக் கழுவவில்லை என்று திரும்பக் கழுவவைத்தேன். ஊரெல்லாம் வத்தகப்பழம் அனுப்புகிற முதலாளி, வியர்வை வழிய, ஒரு வாஷரைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக்கொண்டிருந்தார். புவனா குசினிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருப்பாள் என்று நினைக்கிறேன், அங்கிருந்து ஒரு விக்கல் சத்தம் வந்தது.

இவ்வளவோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் கவர்னர் ஸ்பிரிங்கையும் கழற்றச் சொன்னேன். தலைமயிர் தடிப்பில் ஒரு சின்னச் சுருள் அது. எஞ்சின் வேகத்தைப் பிடித்து வைப்பது அதுதான், அது இல்லாவிட்டால் தண்ணீர் ஏறும் அளவுக்கு மெசின் இழுக்காது. நானா திருக்காணியால் அதை நெம்பினார். டிங் என்று ஒரு சத்தம். ஸ்பிரிங்கைக் காணவில்லை. பதற்றத்தில், கழற்றி வைத்த கார்பரேட்டரைத் தூக்கியபோது அதில் ஒட்டியிருந்த கேஸ்கட் மட்டையும் இரண்டாகக் கிழிந்தது.

நானா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"தவம், ஒரு விசயம் சொல்றன், கோவிக்கப்படாது. இதுக்கு ஒரு வருத்தமும் இல்ல. துணிய வச்சது நாங்கதான்."

"தெரியும் நானா."

"தெரிஞ்சா என்னத்துக்கு என்னைக் கழுவ வச்சீங்க?"

"நீங்கள் என்னத்துக்கு அடைச்சீங்கள்?"

அவர் மதில் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "இது என்ட மெசினும் இல்ல. மலர்ட மெசின்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. செல்வமலருக்குத் தண்ணீர் இறைக்க இருப்பது இந்த ஒரே மெசின். மிளகாய் பூத்து நின்ற காலம், மழையில்லாத வெயில். இரண்டு நாள் தண்ணீர் போகாவிட்டால் பூ முழுதும் கொட்டும். அரை ஏக்கர் மிளகாயை நம்பித்தான் அவள் அந்த வருஷத்தை ஓட்ட வேண்டும். என்னைச் சிரிக்கவைக்க அவள் தன் மெசினைக் கொடுத்தாள். நான் அதைத் துண்டு துண்டாக்கிப் பேப்பரில் பரப்பி வைத்திருந்தேன்.

5. இரண்டு கை

செல்வமலரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பேப்பரில் கிடந்த சாமான்களைப் பார்த்துவிட்டு, நாளைக்குக் காலையில் இறைக்க வேண்டுமே என்று மட்டும் சொன்னாள்.

ஸ்பிரிங்கைத் தேடினோம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி முற்றம் முழுக்க இழுத்தோம். இரண்டு ஆணியும் ஒரு ஊசியும் எங்கள் வீட்டில் எப்போதோ தொலைந்த நகவெட்டியும் வந்தன. ஸ்பிரிங் வரவில்லை. டவுனுக்குப் போய் வாங்கிவரலாம் என்று ஹனீபா நானா புறப்பட்டார். அந்த ரக மெசினுக்கு உதிரிப்பாகம் அந்தக் காலத்தில் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். போகுமுன் மடித்துக் கட்டிய சாரனை அவிழ்த்து உதறினார். மடிப்புக்குள் இருந்து ஸ்பிரிங் விழுந்தது. அவ்வளவு நேரமும் அதை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவர் முற்றத்தில் தவழ்ந்து தேடியிருக்கிறார்.

இனிப் பூட்ட வேண்டும். நான் இடது கையால் ஸ்பிரிங்கை எடுத்தேன். எடுத்தேனே தவிர, கொளுக்கியை ஓட்டையில் மாட்ட முடியவில்லை. மூன்று தரம் விழுந்தது. வலது கையைத் தூக்கி லீவரைப் பிடிக்கப் பார்த்தேன், விரல் மூடவில்லை. நானாவின் விரல்களோ வத்தகப்பழம் தூக்கவே படைக்கப்பட்டவை. அவ்வளவு பேருக்கும் முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. புவனா பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

செல்வமலர் எனக்கு எதிரே சம்மணம் போட்டு இருந்தாள்.

"கை என்னட்டக் கிடக்கு அண்ணை. எதை எதுக்குள்ள மாட்டுறது எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். லீவரில் மூன்று ஓட்டை இருக்கும், நடு ஓட்டை. கொளுக்கியின் வாய் உன் பக்கம் பார்க்கட்டும். ஊசியில் நூல் கோக்கிறவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. முதல் தரத்திலேயே மாட்டினாள். கேஸ்கட்டுக்குப் பழைய கலண்டர் மட்டையை எடுத்து, கிழிந்ததை மேலே வைத்துக் கோடு கீறி, தன் தையல் கத்தரிக்கோலால் வெட்டினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக வெட்டிய கேஸ்கட்டை நான் கண்டதில்லை. இறுக்கும்போது ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கப் போனாள். இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் மட்டை தூக்கிக்கொள்ளும், காற்று உள்ளே போகும் என்று விளக்கினேன். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டாள். நானும் சொல்லிக்கொண்டே போனேன். நான் அவ்வளவு பேசி எத்தனையோ மாதமாகியிருந்தது.

பொழுது சாயுமுன் பூட்டி முடித்தோம். கயிற்றை அவளே இழுத்தாள். முதல் இழுவையில் இருமியது, இரண்டாவதில் பிடித்தது. கொஞ்சம் ஏறி இறங்கிய சத்தம் அடங்கி ஒரே சீராக ஓடத் தொடங்கியபோது ஹனீபா நானா அல்லாவுக்கு நன்றி சொன்னார். எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கழுவிய கோபம் இன்னும் இருந்தது.

மறுநாள் விடிய மிளகாய்க்குத் தண்ணீர் போனது. கதிரையில் இருந்து அந்த மெசின் சத்தத்தைக் கேட்டேன். ஒரு பழுதும் சொல்ல முடியவில்லை.

அன்றைக்குப் புவனாவிடம் கேட்டேன், யாருடைய யோசனை இது என்று. தன்னுடையதுதான் என்றாள். "நீங்கள் என்னோட கதைக்கிறேல்ல. மெசினைக் கண்டால் எண்டாலும் கதைப்பீங்கள் எண்டு பாத்தன்," என்றாள். நான் செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். சட்டைக்கும் சேர்த்து.

6. கொட்டில்

அந்த மாதமே எங்கள் வளவின் வீதிப்பக்கம் ஒரு கொட்டில் எழுந்தது. தகரம் ஹனீபா நானாவுடையது. மரம் கோயில் சபையார் தந்தது. என்னோடு வேலை இழந்த வெல்டர் ஒருவர், நான் கதிரையில் இருந்தே எட்டக்கூடிய உயரத்தில் மேசை செய்து கொடுத்தார். செல்வமலர் பின்னேரத் தையலை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

ஆரம்பத்தில் வருகிறவர்கள் அவளிடம், "தங்கச்சி, பாஸைக் கூப்பிடுங்கோ," என்பார்கள். அவள் என்னைக் காட்டுவாள். நான் அவளைக் காட்டுவேன். அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து முழிப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. சம்பூரில் இருந்து ஒருவர் படகு எஞ்சினைக் கொண்டுவந்து, பொம்பிளை தொட்டால் திரும்பக் கொண்டுபோவேன் என்றார். சரி, என் கையாலேயே செய்கிறேன் என்று சொல்லி, வலது கையைத் தூக்கி மேசையில் வைத்தேன். அது தொப்பென்று விழுந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு அவர் போய் ஓரத்தில் கிடந்த வாங்கில் உட்கார்ந்தார். செல்வமலர் ஒரு மணித்தியாலத்தில் முடித்துக் கொடுத்தாள். இப்போது அவர் வந்தால் என்னைச் சுகம் விசாரிப்பதோடு சரி, பழுதை அவளிடம்தான் சொல்வார்.

என் கை முழுக்கத் திரும்பவில்லை. கோப்பை பிடிக்கும், பெரிய ஸ்பனர் பிடிக்கும். சின்ன நட்டு இன்னும் மலருடைய வேலைதான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்களோடு வேலை செய்த ஒருவர் வேலை போய், வருத்தமும் வந்து, வீட்டில் கதிரையில் இருந்தால், போய் என்ன உதவி வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார். நானும் அப்படித்தான் சொன்னேன். அவருக்குத் தெரிந்த வேலையில் ஒரு பழுதைக் கொண்டுபோங்கள். உண்மையான பழுதாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீங்களே ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். ஆனால் ஒழுங்காகச் செய்யுங்கள். டப்பைப் பூட்டிவிட்டு வந்து நிற்பது தொழில் தெரிந்த ஆளுக்குச் செய்கிற மரியாதை இல்லை.